பஞ்சத்தில் பாடிய நெஞ்சம்

வட சென்னையின் முதியோர் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று அழைப்பர். அப்பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி எழுந்த பஞ்சத்தின்போது, 1782-இல், பசித்து வந்தோர்க்குக் கஞ்சி வார்ப்பதற்காக அங்கு ஒரு சத்திரம் தோன்றியது. மணியக்காரர் ஒருவர் பொறுப்பில் இருந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப் பெயர் பெற்றது. சத்திரம் பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. கட்டடங்கள் மாறின, பெயர்ப் பலகைகளும் மாறின. மக்கள் நாவில் கஞ்சித்தொட்டி மட்டும் மாறவில்லை.

அதற்கு அணித்தே உள்ள பேசின் பிரிட்ஜும் பெயரிலேயே பழமையைத் தாங்கி நிற்கிறது. சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பெற்ற கால்வாயில் வரும் படகுகள் தங்குவதற்கென அமைந்த நீர்த்துறையே 'பேசின்'. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் வடக்கேயிருந்து இங்கு வந்து சேர்ந்தன. அக்கால்வாயைத் தெற்கே கூவத்திலிருந்து அடையாறு வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீட்டிய வேலை 1877, 1878 ஆம் ஆண்டுகளில் நடந்தது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்கள் பஞ்சத்தால் ஊரைவிட்டு ஓடி வந்த ஏழைகள். அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. மண் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை.

அதே பஞ்சத்தில், சென்னைக்குத் தெற்கே காவிரிக் கரையில் மாயூரம் என்னும் ஊரில், தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சித்தொட்டி அமைத்தவர் ஒருவர் இருந்தார். பதவியை இழந்தவர், உடல்நலம் குன்றியவர், மனைவியரை ஒருவர் பின் ஒருவராக மரணத்திற்குப் பறிகொடுத்தவர். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று இலக்கிய உலகம் போற்றும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையே அவர். இறைவனை நம்புதல் என்பதன் பொருளை அவருடைய வாழ்க்கையில் தேடுவோர், அந்தப் பஞ்ச ஆண்டுகளில்தான் அதனைத் தெளிவாகக் காண்பர்.

குளத்தூரில் பிறப்பு

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11-ஆம் நாள் வேதநாயகம் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். மதுரை மறைபணித் தளத்துச் சேசு சபைக் குருக்கள் கால்நடையாகத் திரிந்து வளர்த்த கத்தோலிக்கச் சமூகம் அந்தப் பகுதியில் வேரூன்றி இருந்தது. வீரமாமுனிவர் சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணியைப் பாடி முடித்தது 1726-இல். சரியாக நூறு ஆண்டுகள் கழிந்து பிறந்த குழந்தை, அம்முனிவர் தமிழில் ஊன்றிய கிறித்தவ இலக்கிய மரபின் பெரிய வாரிசுகளுள் ஒருவராயிற்று.

அக்காலத்துக் கத்தோலிக்க இல்லங்களில் குழந்தைகள் நாள்தோறும் மூன்று மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்வர்: விசுவாச மந்திரம், நம்பிக்கை மந்திரம், தேவசிநேக மந்திரம். இவற்றுள் நடுவில் நிற்கும் நம்பிக்கையே துன்பக் காலத்தில் சோதிக்கப்படுவது. நம்பிக்கைக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்று ஞானோபதேசம் கற்பிக்கிறது. ஒன்று, கடவுள் கைவிட்டார் என்று சோர்ந்து விழும் அவநம்பிக்கை. மற்றொன்று, கடவுள் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித் தன் கடமையை மறந்திருக்கும் மிதமிஞ்சின நம்பிக்கை. முதலாவது பாவம் என்பதை எல்லோரும் அறிவர். இரண்டாவதும் பாவமே என்பதைப் பக்திமான்களும் எளிதில் மறந்துவிடுவர். வேதநாயகர் மறக்கவில்லை.

அறமன்றத்தில்

திருச்சிராப்பள்ளியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். 1848-இல் அங்கேயே நீதிமன்றப் பத்திரங்களைக் காக்கும் பணியில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857-இல் முன்சீப் பதவி கிட்டியது. முதலில் தரங்கம்பாடி, அடுத்துச் சீகாழி, பின்னர் மாயூரம் எனப் பணியிடங்கள் மாறின. மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் நீதி வழங்கினார். அதனால் ஊர்ப்பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. வழக்காடும் மக்களோ தமிழை மட்டுமே அறிந்தவர்கள். தமக்கு எதிராகத் தீர்ப்பு ஏன் வந்தது என்பதை அறியாமலே குடியானவன் நிலத்தை இழந்து வீடு திரும்பும் நிலையை அவர் நாள்தோறும் கண்டார். 1805 முதல் சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் 1862-இல் வெளியிட்டார். சட்ட நூல் தமிழில் வந்த வரலாற்றில் அது ஒரு முதற்படி. பின்னாளில் தாம் எழுதிய நாவலிலும், தமிழ் நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்று கதைமாந்தர் வாயிலாக வாதிட்டார்.

நீதிநூல் 1859-இல் வெளிவந்தது. கடவுள் வாழ்த்தில் தொடங்கும் அந்நூல் கைக்கூலி, பொய், சோம்பல் முதலிய குற்றங்களை எளிய செய்யுளில் இடித்துரைத்தது. முன்சீபாக இருந்து கைக்கூலியைக் கண்டித்துப் பாடுவதற்குத் தூய்மையான கையும் வேண்டும், துணிவும் வேண்டும். இரண்டும் அவரிடம் இருந்தன. பெண்களின் கல்வியையும் மதிப்பையும் வற்புறுத்தும் பெண்மதி மாலை 1869-ஐ ஒட்டி எழுந்தது.

சைவர்களின் நண்பர்

சீகாழியில் இருந்த காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நட்பு வாய்த்தது. திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக விளங்கிய அச்சைவப் பெரும்புலவர், கத்தோலிக்கரான வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை பாடினார். கோவை பாடுதல் என்பது அகப்பொருள் துறைகள் அனைத்தையும் முறைப்படுத்தி நூற்றுக்கணக்கான செய்யுட்களில் ஒருவர் பெயரைக் கோத்து நிறுத்தும் பெரும்பணி. அதனைச் சமயம் வேறான நண்பருக்காக அவர் மேற்கொண்டார் என்றால் அந்நட்பின் ஆழம் விளங்கும். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமும் வேதநாயகர் நெருங்கிய நட்புப் பூண்டு, அவரைப் போற்றிப் பல செய்யுட்கள் எழுதினார். மாயூரத்தை அடுத்து வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவர்தம் நண்பர் வட்டத்தில் இருந்தார்.

இந்நட்புகளால் வேதநாயகரின் சமயப்பற்று தளரவில்லை. கிறித்தவர்க்கெனச் சத்திய வேதக் கீர்த்தனைகளைப் பாடியவர் அவர். பிறர் சமயத்தைப் பழிக்காமல் தம் சமயத்தில் உறுதியாக நிற்க முடியும் என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.

அடுத்தடுத்து வந்த இழப்புகள்

வெளியே மதிப்பும் புகழும் வளர்ந்த அதே காலத்தில் இல்லத்தில் துயரம் சூழ்ந்தது. மணந்த துணைவி மறைந்தார், மறுமணம் செய்துகொண்டார், அவரும் மறைந்தார். தாயற்ற குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பும், மீண்டும் மீண்டும் சிதைந்த குடும்பத்தைக் கட்டி எழுப்பும் பாடும் அவருடையவாயின. 1872-இல் உத்தியோகமும் போயிற்று. உடல்நலக் குறைவும், மேலதிகாரியோடு நேர்ந்த முரண்பாடும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து விலகச் செய்தன. அப்போது அவருக்கு வயது 46. நேர்மையாக உழைத்த ஒருவருக்கு அது கசப்பான முடிவு.

விவிலியத்தில் யோபு என்னும் நீதிமானின் கதை கத்தோலிக்கர் நன்கறிந்தது. பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள், நீ ஏதோ குற்றம் செய்திருப்பாய் என்று விளக்கம் கூறினர். இறுதியில் கடவுள் கண்டித்தது, முறையிட்ட யோபுவின் நண்பர்களை. துன்புறுவோனுக்கு விளக்கம் சொல்வது எளிது. உடனிருப்பது அரிது என்பதே அக்கதை தரும் பாடம்.

வேதநாயகர் தம் துயரத்தைப் பாட்டாக்கி இறைவன் திருமுன் வைத்தார். திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மைப் பதிகம் ஆகியவை 1873-இல் வெளிவந்தன. பதவி பறிபோன மறு ஆண்டு அது. திருவருள் மாலை, தேவதோத்திர மாலை என்பனவும் அவர் இயற்றிய பக்தி நூல்களே. இவற்றில் அவர் அந்தாதி வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததைக் கவிஞர்கள் கருதிப் பார்த்தல் தகும். ஒரு செய்யுளின் இறுதிச் சொல்லே அடுத்ததன் முதற்சொல்லாகப் பிறப்பது அந்தாதி. முடிந்தது என்று தோன்றும் இடத்திலேயே தொடக்கம் நிகழ்கிறது. கடைசிச் செய்யுள் முதற்செய்யுளைச் சென்று தொட, முழு நூலும் மாலையாகி வட்டம் நிறைகிறது. செபமாலை உருட்டிப் பழகிய கைக்கு இவ்வடிவம் இயல்பாகப் பொருந்தியது. இழப்பின் முடிவில் இறைவனைத் தொடக்கமாகக் காணும் மனத்திற்கும் அதைவிடப் பொருத்தமான யாப்பு அரிது.

தம் சொந்தத் துன்பத்தைப் பொறுத்தவரை அவர் மேற்கொண்ட நெறி பொறுமை. தேவ பராமரிப்பு என்று கத்தோலிக்க மரபு கூறும் இறைக் காவலில் தம்மை ஒப்படைத்தார். ஆனால் பிறர் துன்பம் கண்ணெதிரே வந்தபோது அவர் மேற்கொண்ட நெறி முற்றிலும் வேறு.

தாது ஆண்டுப் பஞ்சம்

1876 பிப்ரவரி முதல் நாள் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானார். ஆருயிர் நண்பரை இழந்த அதே ஆண்டில் பருவமழைகள் பொய்த்தன. பெல்லாரி, கடப்பை, கர்நூல், நெல்லூர், செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர் எனச் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதி வறண்டது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் அது நிலைத்துவிட்டது.

வானம் பொய்த்தது ஒரு காரணம். மனிதர் பொய்த்தது மற்றொரு காரணம். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையெனக் குவிந்து கிடந்தன. இரயில்கள் அவற்றைச் சுமந்து முடிக்கவில்லை. சென்று சேர்ந்த இடங்களிலோ ஏழைக்கு எட்டாத விலை. இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை வாங்கும் அளவே கூலி போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார். அரைக் கிலோவுக்கும் குறைவான அந்த அளவில் கடும் உடலுழைப்புச் செய்வோர் உயிர் வாழ முடியாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. இடையில் எத்தனை உயிர்கள் போயின என்பதை இன்று யாரும் எண்ணிச் சொல்ல இயலாது.

காவிரி பாயும் தஞ்சைப் பகுதி, வறண்ட மாவட்டங்களைப் போல் முற்றும் அழியவில்லை. ஆயினும் நெல் விலை ஏறினால் நெல் விளையும் ஊரிலேயே கூலியாள் பட்டினி கிடப்பான். மாயூரத்தில் பசித்தோரைக் கண்ட வேதநாயகர், பொறுத்திருங்கள் என்று அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை. கஞ்சித்தொட்டிகளைத் திறந்தார். தம் பொருளை எல்லாம் அதிலே கரைத்தார். உத்தியோக வருவாய் நின்று நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்த குடும்பத் தலைவர் செய்த செலவு அது.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லாம் இறைவன் செயல் என்று நம்புகிறவர், இறைவன் அனுப்பிய பஞ்சத்தை ஏன் எதிர்த்து நிற்க வேண்டும்? சோர்ந்த நெஞ்சமும் கல்நெஞ்சமும் ஒருங்கே எழுப்பும் கேள்வி இது. பசித்தோர்க்கு உணவளித்தலைத் திருச்சபை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் முதலாவதாக வைத்து எண்ணுகிறது. தேவ பராமரிப்பு வானத்திலிருந்து மட்டும் இறங்கி வருவதன்று; பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரனின் கை வழியாகவே அது வந்து சேரும். அந்தக் கை மடங்கிக் கிடந்தால், பசித்தவன் இறைவனை நம்பியது வீண் என்று உலகம் சொல்லும். அப்பழியை இறைவன் மேல் விழவிடாமல் தடுப்பதும் பக்தனின் கடமை. வேதநாயகரின் கஞ்சித்தொட்டி, இந்த நோக்கில், அவருடைய நம்பிக்கை மந்திரத்தின் தொடர்ச்சியே ஆகும்.

கஞ்சியோடு கீர்த்தனை

கஞ்சி வார்த்ததோடு அவர் நிற்கவில்லை. பஞ்சம் தீர்த்தருளுமாறு இறைவனை இரந்து கீர்த்தனைகள் பாடினார். உன்னையன்றி வேறு கதி ஏது என்று இறைவனையே வினவும் உரிமைக்குரல் அப்பாடல்களில் ஒலிக்கிறது. பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்களில் துயருற்றோர் கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகின்றனரே, அம்மரபின் தமிழ் வடிவம் இது. முறையிடுதல் அவநம்பிக்கை ஆகாது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனே முறையிடுவான். நம்பாதவன் வாய் மூடிக் கிடப்பான்.

தனித் துயருக்கு அந்தாதி பாடியவர் பொதுத் துயருக்குக் கீர்த்தனையைக் கையாண்டார் என்பது நோக்கத்தக்கது. அந்தாதியைச் சுவைக்கப் படிப்பு வேண்டும். கீர்த்தனைக்கு இரு செவியும் ஒரு நாவும் போதும். பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால், எழுத்தறியாதவனும் இரண்டாம் முறை உடன் பாடுவான். பசித்த கூட்டம் சேர்ந்து முறையிடுவதற்கு உகந்த வடிவம் அதுவே. வடிவத்தைப் புலமைக்காக அன்றிப் பாடுவோர் யார் என்பதைக் கொண்டு தேர்ந்தமை அவருடைய கவித்துவத்தின் உயர்ந்த நிலை எனலாம்.

இக்கீர்த்தனைகள் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் என்னும் தொகுப்பாக 1878-இல் வெளிவந்தன. எச்சமயத்தாரும் தயக்கமின்றிப் பாடும் வகையில், ஒரு சமயத்திற்கே உரிய திருப்பெயர்களைத் தவிர்த்துக் கடவுளைப் பொதுவாக விளித்தார். கஞ்சித்தொட்டியின் முன் வரிசையில் நின்றவர்கள் எல்லாச் சமயத்தவரும் அல்லவா? கையேந்தி வந்தவனிடம் சமயம் கேட்காத மனம், பாட்டிலும் கேட்கவில்லை. அவ்வாறு பொதுமையில் பாடிய கத்தோலிக்கரின் பாடல்கள் கருநாடக இசை மேடைகளில் ஏறி இன்றளவும் ஒலிக்கின்றன.

அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், மனிதருள் மேரு என்னும் கருத்தமைய அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரத்தின் வழியே எளியவனின் ஏக்கத்தைப் பாடிய சிவபக்தர் அவர். பொருள் வேண்டிச் செல்வரைப் பாடித் திரிந்தவர் அல்லர். அவர் வாயால் பெற்ற பாராட்டு அரசுப் பட்டங்களினும் மேலானது.

சிரிப்பும் ஒரு நம்பிக்கை

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879-இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. தமிழ் உரைநடையில் முதன்முதலாக வெளிவந்த நாவல் என்று அது போற்றப்படுகிறது. அதனைத் திறப்போரை வியப்பில் ஆழ்த்துவது அதில் பொங்கும் நகைச்சுவை. ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் ஞானாம்பாளின் அறிவும், பிரதாபனின் வெகுளித்தனமும், இடையிடையே புகும் கதைகளும் படிப்பவரைச் சிரிக்க வைத்தே அறம் புகட்டுகின்றன. இத்தனை இழப்புகளைக் கண்டவரிடமிருந்து இத்தனை சிரிப்பு எவ்வாறு பிறந்தது என்று எண்ணத் தோன்றும். உலகம் முடிவில் நல்லவர் கையில் இருக்கிறது என்று உண்மையாகவே நம்புகிறவர்க்கு மட்டுமே இவ்வகைச் சிரிப்பு வாய்க்கும். இரண்டாம் நாவலாகிய சுகுண சுந்தரி 1887-இல் வெளிவந்தது. மாயூரம் நகராட்சியின் தலைவராகவும் இருந்து ஊருக்கு உழைத்தார்.

1889 ஜூலை 21-ஆம் நாள் வேதநாயகர் இறைவனடி சேர்ந்தார். அகவை 63 நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தன. அவர் நீதி வழங்கிய மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவர் பெயரில் மட்டும் மாயூரம் நிலைத்துவிட்டது.

துன்பத்தில் இறைவனை நம்புவோர் இருவகையாகப் பிழைபடுவதுண்டு. தம் துன்பத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே பிறர் துன்பத்துக்குப் பொறுமையைப் போதிப்பது உலக வழக்கு. வேதநாயகர் அதனைத் தலைகீழாக மாற்றினார். மனைவியரை இழந்தபோதும் பதவி போனபோதும் பொறுமை அவருக்கு. பசித்தவர் முன் பொறுமையின்மையும் அவருக்கே. பொறுத்த இடத்தில் அந்தாதி பிறந்தது. பொறுக்க முடியாத இடத்தில் கஞ்சித்தொட்டியும் கீர்த்தனையும் பிறந்தன.

அப்பஞ்சத்தில் கால்வாய் வெட்டியவர்களின் பெயரைப் பேசின் பிரிட்ஜும் அறியாது, மாயூரத்தில் கஞ்சி குடித்து உயிர் பிழைத்தவர்களின் பெயரை அவ்வூரும் அறியாது. வார்த்தவரின் பெயரும் அவர் இரந்து பாடிய பாட்டும் எஞ்சியுள்ளன. பாட்டை இன்று பாடுவோர் பலர். அதனோடு சேர்ந்து கொதித்த கஞ்சிப் பானையையும் நினைவில் வைத்துப் பாடினால், பாட்டின் பொருள் முழுதும் விளங்கும்.